போத்தலுக்குள் சிவப்புப் பொன்: அடுக்கு நனோத்துணிக்கைகள் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

திருகோணமலையில் பின்னேரங்களில் ஏலெவல் பிள்ளைகளுக்குப் பௌதிகவியல் சொல்லிக்கொடுக்கிறேன். அதற்கு முன் இரண்டு வருடங்கள் சிலிக்கா (மணலிலும் கண்ணாடியிலும் இருக்கும் பொருள்) உருண்டைகளுக்குப் பொன்தோல் போர்த்துவதிலேயே போயின. அந்த நாட்களின் மிச்சமாக ஒரு சின்னப் போத்தல் என் வகுப்பு மேசையில் இருக்கிறது. உள்ளே செவ்வரத்தம்பூ ஊறிய தண்ணீர் போல ஒரு சிவப்புத் திரவம். அது பொன் என்று சொன்னால் யாரும் நம்புவதில்லை. எல்லாக் கேள்வியும் அங்கிருந்துதான் தொடங்கும்.

மாணவர்கள், அவர்களைக் கூட்டிப்போக வரும் பெற்றோர், பக்கத்து வீட்டில் நகை செய்யும் பத்தர் ஐயா, என் அத்தான் என்று ஆள் மாறினாலும் கேள்வி மாறவில்லை. ஒரே பதிலை நூறு தரம் சொல்வதைவிட எழுதி வைப்பது நல்லது என்று பட்டது. கேட்டவர்கள் கேட்டபடியே கேள்விகளைப் போட்டிருக்கிறேன்.

"ரீச்சர், ஒளி சிதறுறது எண்டா தெறிக்கிறதுதானே?"

தெறிப்பது சிதறலில் ஒரு வகை, அவ்வளவுதான். ஒளி ஒரு பொருளில் பட்டால் அதன் மின்புலம் பொருளிலுள்ள இலத்திரன்களை மேலும் கீழும் ஆட்டும். ஆடுகிற இலத்திரன் தன் பங்குக்கு எல்லாப் பக்கமும் ஒளியை அனுப்பும். கண்ணாடி போன்ற மட்டமான பரப்பில் கோடிக்கணக்கான இலத்திரன்கள் ஒழுங்காகச் சேர்ந்து ஆடுவதால் ஒரு திசையைத் தவிர மற்றத் திசைகளில் போகும் அலைகள் ஒன்றையொன்று அழித்துவிடும். அதற்குத்தான் தெறிப்பு என்று பெயர். தனியாக மிதக்கும் ஒரு சின்னத் துணிக்கையில் அப்படி அழிக்க ஆளில்லை. ஒளி நாலாபக்கமும் போகும்.

துணிக்கை ஒளியின் அலைநீளத்தைவிட மிகச் சிறியதாக இருந்தால் சிதறல் அலைநீளத்தின் நான்காம் அடுக்குக்கு (அதே எண்ணை நான்கு தரம் எடுத்துப் பெருக்கினால் வருவதற்கு) நேர்மாறு விகிதசமன். நனோமீற்றர் என்பது மில்லிமீற்றரில் பத்து இலட்சத்தில் ஒரு பங்கு. 450 நனோமீற்றர் நீலம் 650 நனோமீற்றர் சிவப்பைவிட நாலு மடங்குக்கும் மேல் சிதறும். வானம் நீலமாக இருப்பதன் கணக்கு இது. கோணேசர் மலையில் நின்று கடலைப் பார்ப்பவர்கள், "கடல் வானத்தைக் காட்டுது" என்று சொல்வார்கள். 1921 இல் கப்பலில் போய்வந்த சி. வி. இராமனுக்கு அந்த விளக்கம் பிடிக்கவில்லை. கடற்பரப்பில் தெறித்துவரும் வான் ஒளியை ஓர் அரியத்தால் நீக்கிப் பார்த்தார். நீலம் போகவில்லை. நீர் மூலக்கூறுகளே ஒளியைச் சிதறடிக்கின்றன. நீர் சிவப்பைக் கொஞ்சம் கொஞ்சமாக உறிஞ்சுவதும் அதற்குத் துணை.

"பிள்ளை, பொன் மஞ்சள்தானே. உன்ர போத்தலுக்குள்ள ஏன் சிவப்பாக் கிடக்கு?"

பத்தர் ஐயாவின் கேள்வி. ஐம்பது வருடம் பொன்னோடு இருந்தவருக்கு நான் பொய் சொல்கிறேன் என்றுதான் முதலில் தோன்றியது.

எங்கள் ஊர்க் கடற்கரையான டச்பேயில் கட்டியிருக்கும் வள்ளங்களைப் பாருங்கள். ஒவ்வொன்றுக்கும் பக்கவாட்டில் ஆடிவர ஒரு சொந்த நேரம் உண்டு. அலை அந்த நேரத்தோடு ஒத்து வந்தால் சின்ன அலைக்கே வள்ளம் கவிழப் பார்க்கும். ஒத்து வராவிட்டால் பெரிய அலைகூடச் சும்மா தூக்கி இறக்கிவிட்டுப் போகும். பொன் உருண்டைக்குள் சுதந்திரமாகத் திரியும் இலத்திரன்களும் அப்படித்தான். ஒளி அவற்றை ஒரு பக்கம் தள்ளினால் மறுபக்கத்தில் நேரேற்றம் மிஞ்சி அவற்றைத் திரும்ப இழுக்கும். இந்த இழுபறிக்கு ஒரு சொந்த மீடிறன் உண்டு, அதாவது செக்கனுக்கு இத்தனை ஆட்டம் என்ற கணக்கு. தண்ணீரில் மிதக்கும் 20 நனோமீற்றர் பொன் உருண்டைக்கு அது ஏறத்தாழ 520 நனோமீற்றர் ஒளியோடு ஒத்துப்போகும், அதாவது பச்சை. பச்சை பறிபோனால் போத்தலைக் கடந்து வருவது சிவப்பு. பாடத்தில் படிக்கும் பரிவு இதுதான். சுரமானிக் கம்பிக்குப் பதில் இலத்திரன் கூட்டம், வேறு வித்தியாசம் இல்லை.

மைக்கேல் பரடே 1857 இல் இந்தச் சிவப்புத் திரவத்தைச் செய்து, நிறத்துக்குக் காரணம் மிக நுண்ணிய பொன் துணிக்கைகள் என்று சொல்லிவிட்டார். 1908 இல் குஸ்தாவ் மீ என்ற ஜேர்மானியர் உருண்டை ஒன்றின் சிதறலை முழுமையாகக் கணக்கிட்டுக் காட்டினார். கொவிட் காலத்தில் மூக்கைத் துழாவிச் சோதித்த பட்டியில் வந்த சிவப்புக் கோடு ஞாபகம் இருக்கிறதா? அதுவும் பெரும்பாலும் இதே பொன்தான்.

"அப்ப உருண்டையைப் பெருசாக்கினாலே நிறம் மாறுமே? ஏன் அடுக்கு, படலம் எண்டு கரைச்சல் படுறீங்க?"

மாறும், ஆனால் கொஞ்சம்தான். 20 நனோமீற்றரிலிருந்து 100 நனோமீற்றர் வரை பொன் உருண்டையைப் பெருப்பித்தாலும் உச்சம், அதாவது துணிக்கை மிக அதிகமாகப் பிடிக்கும் அலைநீளம், 520 இலிருந்து 570 பக்கம் வரைதான் நகரும். 800 இல் வேண்டும் என்று யாராவது கேட்டால் திண்ம உருண்டையால் கொடுக்க முடியாது. பெருப்பிக்கப் பெருப்பிக்க உச்சம் அகன்று மழுங்கியும் போகும்.

உருண்டையை நீட்டிக் கோலாக்குவது ஒரு வழி. அடுக்கடுக்காகச் செய்வது இன்னொரு வழி. நான் இரண்டாவது கட்சி.

"அடுக்கு எண்டா எப்பிடி? முட்டை மாதிரியா?"

முட்டை மாதிரியேதான். நடுவில் கரு, சுற்றிவரத் தோல். கரு சிலிக்கா, தோல் பொன் என்பது பிரபலமான ஜோடி. கரு பொன், தோல் வெள்ளி என்றும் செய்யலாம். பொன், சிலிக்கா, மறுபடி பொன் என்று மூன்றடுக்கும் உண்டு. முழு முட்டையும் 150 நனோமீற்றர் என்றால் ஒரு தலைமயிரின் தடிப்புக்குக் குறுக்கே சில நூறு முட்டைகளை வரிசையாக அடுக்கலாம்.

"தோலை மெல்லிசாக்கினா நிறம் சிவப்புப் பக்கம் போகுதாம். எனக்குத் தலைகீழாப் படுது ரீச்சர். சின்னதானா மீடிறன் கூடத்தானே வேணும்?"

இந்தப் பக்கத்தில் ஒரேயொரு பதிலை மட்டும் வாசிக்க நேரமிருந்தால் இதை வாசியுங்கள். கேட்ட பிள்ளை கம்பியையும் புல்லாங்குழலையும் மனதில் வைத்துக் கேட்டாள். அங்கே நீளம் குறைந்தால் சுருதி ஏறும். இங்கே குறைவது ஆடும் பாதையின் நீளமல்ல, திருப்பி இழுக்கும் விசை. பத்தருக்குச் சொன்ன பதிலில் இலத்திரன்களைத் திரும்ப இழுப்பது இரு முனைகளிலும் சேர்ந்த ஏற்றம் என்றேன். தோல் மெல்லியதானால் அங்கே இருக்கும் இலத்திரன்களே குறைவு, ஆகவே முனைகளில் சேரும் ஏற்றமும் குறைவு. ஆனால் முனைகளுக்கு இடையிலான தூரம் அதேதான். இழுக்கும் புலம் பலவீனமாகும், ஆட்டம் மெதுவாகும், அலைநீளம் நீளும். இறுகிய வில்லைத் தளர்த்தினால் திணிவு மெதுவாக ஆடுவதைப் போல.

இதையே இன்னொரு விதமாகவும் பார்க்கலாம். தோலுக்கு வெளிப்பரப்பு ஒன்று, உட்பரப்பு ஒன்று. இரண்டிலும் தனித்தனி ஆட்டம் நடக்கலாம். தோல் தடிப்பாக இருந்தால் ஒன்றுக்கு மற்றது தெரியாது. மெல்லியதானால் இரண்டும் ஒன்றையொன்று தொட்டு ஆட்டத் தொடங்கும். அப்போது இரண்டு புது ஆட்டங்கள் பிறக்கும்: ஒன்று தாழ்ந்த மீடிறனில், ஒன்று உயர்ந்த மீடிறனில். ஐதரசன் மூலக்கூறில் இரண்டு அணுக்களின் மட்டங்கள் பிணையும்போது ஒன்று இறங்கி ஒன்று ஏறுவதை இரசாயனவியலில் படிப்பீர்களே, அதே படம். 2003 இல் அமெரிக்காவின் ரைஸ் பல்கலைக்கழகத்தில் புரோடன், ஹலாஸ், நோர்ட்லாண்டர் குழுவினர் இந்தப் படத்தை முன்வைத்தார்கள். ஒளியோடு வலுவாகப் பேசுவது தாழ்ந்த ஆட்டம். நாம் போத்தலில் பார்ப்பதும் அதைத்தான்.

கல்குலேற்றரை எடுங்கள். உள்ளாரையை வெளியாரையால் வகுத்து வரும் விகிதத்தின் முப்படியை 8 ஆல் பெருக்கி 1 ஐக் கூட்டி வர்க்கமூலம் எடுங்கள். அதை 3 ஆல் வகுத்து, 1 இலிருந்து கழித்து, பாதியாக்கி, மறுபடி வர்க்கமூலம். நடுவில் வெறுமை இருக்கும் ஓர் இலட்சிய உலோகத் தோலின் தாழ்ந்த மீடிறன், அந்த உலோகத்தின் சொந்தப் பிளாஸ்மா மீடிறனில் (பெரிய உலோகக் கட்டிக்குள் சுதந்திர இலத்திரன்கள் சேர்ந்து ஆடும் மீடிறன்) எத்தனை பங்கு என்பது கிடைக்கும். விகிதம் 0 என்றால் திண்ம உருண்டை, விடை 0.58. விகிதம் 0.8 என்றால் 0.35. விகிதம் 0.9 என்றால் 0.25. அதாவது தோல் ஆரையில் பத்தில் ஒரு பங்காகும்போது அலைநீளம் திண்ம உருண்டையுடையதைப்போல 2.3 மடங்கு. உண்மையான பொன் இவ்வளவு சுத்தமாக நடந்துகொள்ளாது, ஆனால் எந்தப் பக்கம் போகும் என்பதில் பிழை வராது.

"அப்ப தடிப்பா முக்கியம், விகிதமா?"

விகிதம். மேலே கணக்கில் நனோமீற்றர் எங்குமே வரவில்லை என்பதைக் கவனித்தீர்களா? 120 நனோமீற்றர் விட்டமுள்ள சிலிக்காக் கருவுக்கு 20 நனோமீற்றர் பொன்தோல் போட்டால் உச்சம் 700 பக்கம். 5 நனோமீற்றர் போட்டால் 1000 தாண்டிக் கண்ணுக்குத் தெரியாத செங்கீழ்ப் பகுதிக்குப் போய்விடும். ஆனால் துணிக்கை பெரிதாக, ஒளி அதைக் கடக்கும் நேரமும் கணக்கில் வரத் தொடங்கும். 100 நனோமீற்றரைத் தாண்டினால் விகிதத்தை மட்டும் நம்பாதீர்கள்.

"உறிஞ்சினா என்ன, சிதறினா என்ன, ரெண்டிலயும் ஒளி குறையுதுதானே?"

எதிரில் நிற்பவருக்கு ஒன்றுதான். பக்கத்தில் நிற்பவருக்கு இல்லை. ஒரு கண்ணாடிக் கோப்பையில் பால் விடாத பிளேன்ரீ, இன்னொன்றில் தண்ணீரில் பத்துத் துளி பால். இரண்டையும் இருட்டில் வைத்து ஃபோன் டோர்ச்சை ஒரு பக்கமிருந்து அடியுங்கள். பிளேன்ரீ ஒளியைத் தின்றுவிட்டுச் சும்மா இருக்கும். பால் பக்கவாட்டிலும் ஒளிரும். பாலின் பக்கவாட்டு ஒளியில் இலேசான நீலமும் நேர்எதிரே பார்த்தால் செம்மஞ்சளும் தெரிந்தால் முதலாவது பதிலின் நான்காம் அடுக்கு விதியை வீட்டிலேயே கண்டுவிட்டீர்கள். பொன் துணிக்கையில் பிளேன்ரீயும் பாலும் ஒன்றாகவே இருக்கின்றன.

எது மிஞ்சும் என்பது பருமனைப் பொறுத்தது. சிறிய துணிக்கையில் உறிஞ்சல் ஆரையின் மூன்றாம் அடுக்காகக் கூடும், சிதறல் ஆறாம் அடுக்காகக் கூடும். ஆரையை இரண்டு மடங்காக்கினால் உறிஞ்சல் 8 மடங்கு, சிதறல் 64 மடங்கு. என் போத்தலில் இருக்கும் 20 நனோமீற்றர் பொன் அநேகமாக முழுவதும் பிளேன்ரீ. 80 நனோமீற்றர் வந்தால் பால் குணம் நன்றாகத் தெரியும்: எதிரே ஒரு நிறம், பக்கத்தில் வேறு நிறம். பிரித்தானிய அருங்காட்சியகத்தில் நாலாம் நூற்றாண்டு உரோமக் கண்ணாடிக் கோப்பை ஒன்று இருக்கிறது. வெளியிலிருந்து ஒளி பட்டால் பச்சை, உள்ளே விளக்கு வைத்தால் சிவப்பு. கண்ணாடியில் கலந்த பொன்னும் வெள்ளியும் சேர்ந்த நனோத்துணிக்கைகளின் வேலை அது. செய்தவனுக்கு நனோ என்ற சொல்லே தெரிந்திராது.

ஆகவே அடுக்குத் துணிக்கையை வடிவமைப்பவரிடம் இரண்டு திருகுகள் இருக்கின்றன. விகிதத்தைத் திருப்பினால் நிறம் நகரும். மொத்தப் பருமனைத் திருப்பினால் தின்பதா துப்புவதா என்பது மாறும். திண்ம உருண்டையில் ஒரே திருகுதான் இருந்தது. அதைத் தொட்டால் இரண்டும் சேர்ந்து ஆடும்.

"பொன்னுக்கு மேல வெள்ளி பூசினா என்ன நடக்கும்? வெள்ளிக்கு மேல பொன் பூசினா?"

இதுவும் பத்தர் ஐயா. முலாம் பூசியவருக்கு வரவேண்டிய கேள்விதான்.

பொன் கருவுக்கு வெள்ளித் தோல் போடுவது சுகமான வேலை. இரண்டு பளிங்குகளிலும் அணு இடைவெளி ஆயிரத்தில் இரண்டு பங்குதான் வேறுபடும், அதனால் வெள்ளி பொன்மேல் இசைவாக உட்காரும். தனி வெள்ளி உருண்டையின் உச்சம் 400 நனோமீற்றர் பக்கம். தோல் தடிக்கத் தடிக்க உச்சம் 520 இலிருந்து அந்தப் பக்கம் நகரும். திரவம் சிவப்பிலிருந்து செம்மஞ்சளாகி மஞ்சளுக்கு வரும். ஒரே பருமனில் வெள்ளி பொன்னைவிட வலுவாகச் சிதறடிக்கும். பொன் 520 நனோமீற்றருக்குக் கீழே தன் உள் இலத்திரன்களால் ஒளியைத் தின்னத் தொடங்கிவிடும். வெள்ளிக்கு அந்தத் தீனி ஊதாக் கடந்த பகுதியில்தான் ஆரம்பம்.

மறுபக்கம்தான் வில்லங்கம். வெள்ளித் துணிக்கை இருக்கும் தண்ணீரில் பொன் உப்பை ஊற்றினால் பொன் அயன்கள் வெள்ளியைக் கரைத்துத் தாங்கள் படியும். ஒரு பொன் அணு உட்கார மூன்று வெள்ளி அணுக்கள் எழும்ப வேண்டும். தோல் போடப் போய்க் கருவைத் தோண்டிவிடுவீர்கள். சிலர் இதையே வேண்டுமென்று செய்து ஓட்டை விழுந்த பொன்கூடுகள் ஆக்குகிறார்கள். பத்தர் ஐயா சிரித்துக்கொண்டு, "செம்பில வெள்ளி ஏறுற மாதிரி" என்றார். அதேதான்.

"எங்கட புல்மோட்டை மண்ணுக்கு இதில ஏதும் வேலை இருக்கோ?"

சுற்றிவளைத்து, இருக்கிறது. புல்மோட்டைக் கரையின் கறுத்த மணலில் இல்மனைற்றும் ரூட்டைலும் உண்டு. இரண்டிலும் தைத்தேனியம். அதிலிருந்து எடுக்கும் தைத்தேனியம் ஈரொட்சைட்டின் முறிவுச் சுட்டி (ஒளியை எத்தனை மடங்கு மெதுவாக்கும் என்ற எண்) 2.6 ஐத் தாண்டும். தண்ணீருக்கு 1.33, சிலிக்காவுக்கு 1.45. வெள்ளைச் சுவர்ப் பூச்சு வெள்ளையாக இருப்பது இந்த வித்தியாசத்தால் வரும் சிதறலில்தான்.

பொன் துணிக்கையைச் சுற்றி இருப்பதன் முறிவுச் சுட்டி கூடினால் உச்சம் சிவப்புப் பக்கம் போகும். ஆகவே பொன்னுக்கு மேல் தைத்தேனியம் ஈரொட்சைட்டுத் தோல் போடுவதும் ஒரு திருகுதான். உலோகமே இல்லாமல் சிலிக்காவும் தைத்தேனியம் ஈரொட்சைட்டும் மாறி மாறி அடுக்கியும் நிறம் பிடிக்கலாம். 2018 இல் அமெரிக்காவின் எம்.ஐ.ரி. பல்கலைக்கழகத்தில் ஒரு குழு இப்படிப்பட்ட பல அடுக்கு உருண்டைகளை வைத்துக் கணினி நரம்பு வலையைப் பழக்கியது. பழகியபின் கேள்வியைத் தலைகீழாகக் கேட்டார்கள்: இந்தச் சிதறல் வளையி வேண்டும், தடிப்புகளைச் சொல். அது சொன்னது. நாங்கள் மணலை மணலாகவே கப்பலில் ஏற்றுகிறோம் என்பது வேறு கவலை.

"வீட்டில செய்து பாக்கலாமா ரீச்சர்?"

அடுக்குத் துணிக்கையை, இல்லை. பொன் உப்பும் வெள்ளி நைத்திரேற்றும் அடுப்படிக்கு வரக்கூடிய சாமான்கள் அல்ல. வெள்ளி நைத்திரேற்றுப் பட்டால் விரல் கறுத்து நாட்கணக்கில் போகாது. மேலே சொன்ன பால் பரிசோதனை போதும். அப்புறம் கணக்கு. இரண்டு அடுக்கு உருண்டையின் சரியான தீர்வை 1951 இல் ஏடனும் கேர்க்கரும் எழுதிவிட்டார்கள். இன்று பைதன் என்ற கணினி மொழி தெரிந்த பிள்ளை ஒரு பின்னேரத்தில் அதை ஓடவிடலாம்.

ஆய்வுகூடத்தில் நடப்பதைச் சொல்கிறேன். சிலிக்கா உருண்டைகளில் முதலில் இரண்டு மூன்று நனோமீற்றர் பொன் விதைகளை ஒட்டுவோம். பிறகு பொன் உப்பையும், அதைப் பொன்னாக மாற்றும் தாழ்த்தியையும் விடுவோம். விதைகள் வளர்ந்து தீவுகளாகி, தீவுகள் ஒன்றையொன்று தொட்டு, கடைசியில் ஒரு முழுத்தோல். பழுப்பாக இருந்த திரவம் நீலம், பச்சை என்று திரும்பும் அந்த நிமிடத்துக்காகத்தான் இரண்டு வருடம் கிடந்தேன்.

ஒரு நாள் அவசரத்தில், காய்ச்சி வடித்த நீர் முடிந்துவிட்டதென்று வீட்டுக் கிணற்றுத் தண்ணீரில் ஒரு போத்தலை அலசி, சிவப்புத் திரவத்தை ஊற்றினேன். கடலோரத்துக் கிணறு. உப்புக் கரிக்கும் என்று வீட்டில் யாரும் அதைக் குடிப்பதில்லை. சில நிமிடத்தில் போத்தல் கத்தரிப்பூ நிறமாகி, பின்னேரம் அடியில் கறுத்த மண்டி. பொன் துணிக்கைகள் மறை ஏற்றத்தால் ஒன்றையொன்று தள்ளிக்கொண்டு மிதப்பவை. உப்பு அந்த ஏற்றத்தை மறைத்துவிட, அவை ஒட்டிக்கொண்டன. பக்கத்துப் பக்கத்தில் வந்ததும் ஒன்றின் ஆட்டம் மற்றதைத் தொட்டு உச்சம் சிவப்புப் பக்கம் நகர்ந்தது. தோலின் இரண்டு பரப்புகள் பேசிக்கொள்வதாகச் சொன்னேனே, இங்கே இரண்டு துணிக்கைகள் பேசிக்கொண்டன.

"இதை எங்க படிக்கலாம்? இஞ்ச வழி இருக்கா?"

பௌதிகவியல் அல்லது இரசாயனவியல் பட்டம் முதலில். கிழக்குப் பல்கலைக்கழகத்தின் திருகோணமலை வளாகம் கோணேசபுரியில் இருக்கிறது, அங்கே பிரயோக விஞ்ஞானம் உண்டு. நனோவுக்கென்றே 2008 இல் தொடங்கிய நிறுவனம் ஹோமாகமையில் இருக்கிறது. பைதனை இப்போதே தொடங்குங்கள்.

"மனிசற்ற உடம்புக்குள்ளயும் விடுறாங்களாமே, உண்மையா?"

உண்மை. ஏறத்தாழ 650 இலிருந்து 900 நனோமீற்றர் வரை நம் தசை ஓரளவு ஒளியை ஊடுபோக விடும். கீழே இரத்தம் தின்னும், மேலே நீர் தின்னும். திண்மப் பொன் உருண்டையின் 520 அந்த யன்னலுக்குள் இல்லை. விகிதத்தைத் திருப்பி 800 பக்கம் கொண்டுவந்த பொன்தோல் துணிக்கை இருக்கும். அதைப் புற்றுக்கட்டியில் சேரவிட்டு லேசரை அடித்தால் கட்டி மட்டும் சூடேறும். அமெரிக்காவில் புரொஸ்டேட் புற்றுநோயுள்ள 16 ஆண்களிடம் செய்து பார்த்த முதற்கட்ட முடிவு 2019 இல் வெளிவந்தது. சின்ன எண்ணிக்கை. "மருந்து வந்திட்டுது" என்று யாருக்கும் சொல்லிவிடாதீர்கள்.

"கணக்கில ஒரு உச்சம், அளந்தா வேற உச்சம். ஆர் பிழை?"

பெரும்பாலும் இருவரும் இல்லை. கணக்கு ஒரு துணிக்கைக்கு. போத்தலில் கோடிக்கணக்கில், ஒவ்வொன்றும் சற்று வேறு பருமன். சேர்த்துப் பார்த்தால் உச்சம் அகலும். அடுத்து, கணக்கில் தோல் முட்டை ஓடு போல வழுவழுப்பு. உண்மைத் தோல் தீவுகள் ஒட்டிய மேடுபள்ளம். மூன்றாவது காரணத்தைத்தான் பலர் மறந்துவிடுகிறார்கள். பொன்னில் ஓர் இலத்திரன் மோதாமல் சராசரியாக 40 நனோமீற்றர் அளவு போகும். தோல் 10 நனோமீற்றர் என்றால் அதற்கு முன்பே பரப்பில் மோதிவிடும். ஆட்டம் சீக்கிரம் அடங்கும், உச்சம் மழுங்கும். பொன்னின் ஒளியியல் எண்களுக்கு எல்லோரும் எடுப்பது 1972 இல் ஜோன்சனும் கிறிஸ்டியும் படலங்களில் அளந்த அட்டவணை. அதைத் திருத்தாமல் மெல்லிய தோலுக்குப் போட்டால் கணக்கு உச்சம் ஊசி மாதிரி வரும். உங்கள் கருவி காட்டாது.

இன்னொன்று. வழக்கமான திருசியமானி (எந்த அலைநீளத்தில் எவ்வளவு ஒளி குறைகிறது என்று அளக்கும் கருவி) தருவது உறிஞ்சலும் சிதறலும் சேர்ந்த மொத்தம். சிதறலின் உச்சத்தோடு அதை ஒப்பிட்டுவிட்டு என்னிடம் சண்டைக்கு வராதீர்கள்.

"சிதறலே இல்லாமல் செய்து ஒரு சாமானைக் கண்ணுக்குத் தெரியாமப் பண்ணலாமா? இல்லாட்டி, கூட்டிக்கொண்டே போகலாமா?"

முதலாவது, கொள்கையளவில் ஆம். ஒரு மின்கடத்தாக் கருவில் இலத்திரன் மேகம் ஒளியின் புலத்தோடு சேர்ந்து ஒரு பக்கம் சாயும். உலோகத் தோலில், சரியான மீடிறனில், எதிர்ப்பக்கம் சாயும். இரண்டும் சமனாகும்படி விகிதத்தைத் தெரிந்தால் வெளியே சிதறல் அநேகமாக மறையும். அலுவும் எங்கெற்றாவும் 2005 இல் இதை எழுதினார்கள். ஒரு நிறத்துக்கு, ஒரு சின்ன உருண்டைக்கு. அத்தான் கேட்டது போல மோட்டார் சைக்கிளைப் பொலிஸிடமிருந்து மறைக்க உதவாது.

கூட்டுவதற்கு வரம்பு உண்டு. சின்னத் துணிக்கையின் எளிய ஆட்டம் ஒன்று எவ்வளவு கச்சிதமாகப் பரிவில் இருந்தாலும் அதன் சிதறல் பரப்பு அலைநீளத்தின் வர்க்கத்தை 3 ஆல் பெருக்கி 2π ஆல் வகுத்ததைத் தாண்டாது. 600 நனோமீற்றருக்குப் போட்டுப் பாருங்கள். 470 நனோமீற்றர் விட்டமுள்ள வட்டம் வரும். துணிக்கை அதைவிடப் பலமடங்கு சிறிதாக இருந்தாலும் ஒளிக்கு அவ்வளவு பெரிதாகத் தெரியலாம். இந்த வரம்பைத் தாண்ட, ஒரே மீடிறனில் பல ஆட்டங்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்க வேண்டும். அதற்கு உலோகம், மின்கடத்தா, உலோகம் என்று மூன்றடுக்குத் தேவை. 2010 இல் ருவானும் ஃபானும் காட்டிய வழி அது. உலோகம் கொஞ்சத்தைத் தின்றுவிடும் என்பதால் முழு இலாபம் கைக்கு வராது.

"பிள்ளை, எல்லாம் சரி. இந்தப் போத்தலை உருக்கினா எவ்வளவு பொன் தேறும்?"

வேறு யார், பத்தர் ஐயாதான். வழக்கமான செறிவில் 20 மில்லிலீற்றர் திரவத்தில் பொன் ஏறத்தாழ 1 மில்லிகிராம். அந்த ஒரு மில்லிகிராமில் 20 நனோமீற்றர் உருண்டைகள் பன்னிரண்டு இலட்சம் கோடி. ஒரு பவுன் 8 கிராம். ஆக, ஒரு பவுனுக்கு எண்ணாயிரம் போத்தல். ஐயா போத்தலை இன்னொரு தரம் வெயிலில் பிடித்துப் பார்த்துவிட்டு, மெதுவாகத் திரும்ப மேசையில் வைத்தார்.